குளத்துக்கு அடித்தவர்

அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். விழா மலர் புத்தகம் போடப்போகிறீர்களாம். புது மைதானத்து வாசலில் அவர் படத்தை மாட்டப்போகிறீர்களாம். படம்தான் யாரிடமும் இல்லையாம். இருக்காது. அவரை யார் படம் எடுத்தார்கள்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சுருட்டுச் சுற்றிக் காலம் தள்ளியவள். அழகாக எழுத வராது. பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் பார்த்தவர்கள்தான். அந்த வருசம் குளத்தங்கரையில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருக்கிற நாம்தான் இப்போது அவரைப் புகழ்கிறோம்.

டி.வி.யில் வெளிநாட்டு ஆட்டம் பார்க்கிறீர்கள். அங்கே பின்னால் நிற்கிற ஆள் பந்தை ஓங்கி வெளியே அடித்தால் ஜனம் கை தட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு அன்னைக்கே செஞ்சாருப்பா. நேரத்தைக் கடத்துற வித்தை. நமக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு" என்கிறீர்கள். டீக்கடையில் பேசுகிறீர்கள். கோயில் திருவிழாவில் பேசுகிறீர்கள். என் காதிலும் விழுகிறது.

வித்தை இல்லை. அது வேறு.

அவர் எங்கள் அடுத்த வீடு. சொந்தமில்லை. ஆனாலும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. முழங்கால் வரைக்கும் குழிக்குள் நின்று தோலைப் புரட்டிப் போடுவார். கால் இரண்டும் வெளுத்து வெடித்திருக்கும். அந்தக் காலோடுதான் ஆட வருவார். பூட்ஸ் எல்லாம் கிடையாது. எங்கள் டீமில் யாருக்கும் கிடையாது. மைதானத்தில் அவர் பேக். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர்.

கோலுக்குள் நின்றவர் என் அப்பா. கோல் கீப்பர் என்று யார் சொன்னார்கள் அப்போது? கோலி என்போம். நான் கோலி மகள்.

அப்பாவும் அதே தோல் ஷாப்புதான். முதலில் பட்டை மில்லில் இருந்தார். ஆவாரம் பட்டையை மூட்டை மூட்டையாகக் கொட்டி இடிப்பார்கள். தோல் ஊறுவதற்கு அந்தத் தூள்தான். மில்லுக்குள் போனால் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. வெளியே வரும்போது புருவம் எல்லாம் சிவப்பாக வருவார்கள். துப்பினாலும் சிவப்பு. அங்கே வேலை பார்த்தவர்கள் கிழவர்களாகிச் செத்து நான் பார்த்ததில்லை.

முதலாளிக்குப் பந்துப் பைத்தியம். டீமில் ஆடுகிறவர்களுக்கு வெயிலில் வேலை கொடுப்பார். களத்தில் தோல் காயப்போடுவது, திருப்பிப்போடுவது. காற்றாடும் இடம். அப்பா நன்றாகப் பாய்ந்து பிடிப்பார் என்று தெரிந்ததும் மில்லிலிருந்து களத்துக்கு மாற்றினார்கள். சித்தப்பாவுக்கும் களத்தில் வேலை கொடுத்தார்கள். அவர் குழியே போதும் என்று சொல்லிவிட்டார். கால் பழகிவிட்டதாம்.

ஆக, டீமில் இருக்கிற வரைக்கும் அப்பாவுக்குக் களம். டீமை விட்டுப் போனால் பட்டை மில். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பட்டைத் தூசி அதற்குள்ளேயே அப்பாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. இளைப்பு. காலையில் எழுந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். முதுகு மேலும் கீழும் போய் வரும். உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம். அம்மா ஆடாதொடை இலையைக் காய்ச்சிக் கொடுப்பாள். அந்தக் கசப்பு வாடை வீட்டில் எப்போதும் இருக்கும். வெளியே யாரும் கேட்டால் மண்ணெண்ணெய் அடுப்புப் புகை என்போம். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு இல்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. குளம் நிரம்பி மைதானத்தின் கோடு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. கிழக்குப் பக்கம் கோடு, அதை அடுத்துச் சின்னக் கரை, அப்புறம் தண்ணீர். உள்ளே கொஞ்ச தூரத்தில் தாமரைக் கொடி. காலைச் சுற்றும். யாரும் சட்டென்று இறங்கமாட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பஸ் நிற்கிறது. நீங்கள் தினமும் நிற்கிற இடத்துக்கு அடியில்தான் அந்தத் தாமரை.

கார்த்திகையில் போட்டி ஆரம்பித்தது. பொங்கலுக்கு மறுநாள் பைனல். எட்டு ஊர் டீம் வந்தது. ஒரே பந்து. அதுவும் எங்கள் டீமின் பந்து. வார் கோத்து இழுத்துக் கட்டின பந்து. அப்பாதான் அதற்குப் புங்க எண்ணெய் தடவி வீட்டில் உத்தரத்தில் தொங்கவிடுவார். ஊரில் தோல் பதம் தெரிந்த இத்தனை பேர் இருந்தும் அந்தப் பந்தைத் தண்ணீர் குடிக்காமல் வைக்க யாராலும் முடியவில்லை.

ஏனென்றால் சித்தப்பா அதைக் குளத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தார்.

எதிர் டீம் முன்னேறி வரும். சித்தப்பா காலை வைப்பார். பந்து அவரிடம் வந்துவிடும். முன்னால் நம் ஆள் சும்மா நிற்பான், கையைக் காட்டுவான். சித்தப்பா அவனைப் பார்க்கவே மாட்டார். ஓங்கி ஒரே அடி. பந்து கரையைத் தாண்டித் தாமரைக்குள் விழும். ஒருத்தன் இறங்கி, கொடியை விலக்கி, நீந்திப் போய் எடுத்து வர வேண்டும். அதுவரைக்கும் எல்லாரும் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். வருகிற பந்து பூசணிக்காய் மாதிரி கனக்கும். நம் முன்வரிசை ஆட்கள் ஒல்லி ஆட்கள். ஈரப் பந்தை அவர்களால் தூக்கி அடிக்க முடியாது. அதனால் நீங்கள் கோபப்பட்டதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது.

"ஏலே, இன்னைக்குக் கெண்டையா கெளுத்தியா?"

"வலையைப் போட்டுட்டு வா அப்பு, பந்தை நாங்க பாத்துக்கிறோம்!"

டீக்கடைக்காரர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். "பேக்குன்னா பந்தைப் பிடுங்கி நம்ம ஆளுக்குத் தள்ளணும். இவன் மீனுக்குத் தள்ளுறான். மீனு என்ன கோலா போடும்?"

கூட்டம் சிரிக்கும். குளத்தான் என்று பேர் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் அந்தப் பேர் ஊர் முழுக்கப் போய்விட்டது. சந்தையில் சித்தி கத்தரிக்காய் வாங்கப் போனால், "குளத்தான் பொண்டாட்டிக்குக் காயி எதுக்கு? வீட்டுல மீனு நாறுமே" என்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் ஒரு மீன் கூடை தொங்கியது. உள்ளே செத்த தவளை. யார் தொங்கவிட்டது என்று எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம். சித்தி தவளையை எறிந்துவிட்டுக் கூடையைக் கழுவிக் கோழிக்குஞ்சுகள் மேல் கவிழ்த்துவைத்தாள்.

"நல்ல கூடைதான்" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் ஒரு பித்தளைச் செம்பு. மேலே துணி கட்டியிருக்கும். கருப்பட்டிக் காப்பி என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆடாதொடைக் கஷாயம். கம்பம் மூங்கில். அப்பா சில நேரம் விரல் முட்டியால் அதைத் தட்டுவார். டொக், டொக். கூட்டத்தின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும்.

"எதுக்குப்பா தட்டுற?" என்று கேட்டேன்.

"கை குளுருதுல்ல" என்றார்.

அரையிறுதியில் ஜெயித்தோம். ஒரு கோல் வித்தியாசம். ஜெயித்ததற்கு ஒருவரும் சந்தோசப்படவில்லை. அன்றைக்குச் சித்தப்பா அத்தனை தடவை குளத்துக்கு அடித்தார். எதிர் டீம்காரர்களே சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் டீக்கடைக்காரர் முன்னால் போக, கூட்டம் தோல் ஷாப்புக் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போனது. டீமைப் பார்த்துக்கொள்கிறவர் கணக்குப்பிள்ளைதான்.

"பைனல்ல அவன் எறங்குனா நாங்க யாரும் மைதானத்துக்கு வரமாட்டோம்."

"பைனலுக்கு வர்ற மதுரை மில் டீம்காரன்கிட்ட காசுக்குக் கை நீட்டிட்டான் போலருக்கு. இல்லாட்டி எவனாவது இம்புட்டு அடிப்பானா?"

கணக்குப்பிள்ளை அதிகம் யோசிக்கவில்லை. பழனிப் பக்கத்திலிருந்து ஒரு பையனை வரவழைத்தார். சித்தப்பாவை நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நிலைப்படியில் உட்கார்ந்தார். அப்பா பந்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் அம்மா பக்கத்தில் இருந்தேன்.

"என்னைய நிப்பாட்டிட்டாங்கண்ணே."

"தெரியும்."

"கணக்குப்பிள்ளைகிட்ட சொல்லிரவா?"

"என்னன்னு?"

"உங்களுக்கு நெஞ்சு இழுக்குது, நீங்க தட்டுனா நான் வெளிய அடிக்கிறேன், பந்து வாறதுக்குள்ள நீங்க மூச்சு வாங்கிக்கிறீங்க, வேற ஒண்ணுமில்லன்னு."

அப்பா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "சொன்னா மறுநாளே நான் பட்டை மில்லுக்குப் போகணும் தம்பி. மூச்சு இல்லாத கோலி அவுகளுக்கு எதுக்கு?"



அம்மாதான் சொன்னாள். "அவரு பேரு நாறிக் கெடக்கு. நம்மளாலதான."

"பேருக்கு என்ன மதினி. சுண்ணாம்புக் குழியில எறங்கையில பேரா கூட வருது?" என்று சித்தப்பா சிரித்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார். "பைனல்ல என்னண்ணே செய்வீங்க?"

"ஒரு ஆட்டந்தான. சமாளிச்சுருவேன்."

"தட்டுவீகளா?"

"தட்டுனா யாரு கேக்க?"

சித்தப்பா எழுந்து, உத்தரத்தில் பந்தைத் தொங்கவிட அப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குத்தான் டொக் டொக் என்னவென்று விளங்கியது.

பைனல் அன்று நல்ல கூட்டம். சின்னாளப்பட்டியிலிருந்து தறிக்காரர்கள் வண்டி கட்டி வந்திருந்தார்கள். நம் ஊர் மலைக்கோட்டை மேலே ஏறி நின்றுகூடப் பார்த்தார்கள் என்பார்கள். எதிரே மதுரைப் பக்கத்து மில் டீம். எல்லாரும் வாட்டசாட்டமான ஆட்கள். பழனிப் பையன் அருமையாக ஆடினான். பந்தைப் பிடுங்குவான், தலையைத் தூக்கிப் பார்ப்பான், நம் ஆளுக்குத் தள்ளுவான். பந்து ஒரு தடவைகூடத் தண்ணீருக்குப் போகவில்லை. டீக்கடைக்காரர் துண்டைத் தூக்கித் தூக்கி வீசினார். "இதுய்யா பேக்கு! இதுய்யா ஆட்டம்!"

உண்மைதான். அது நல்ல ஆட்டம். பந்து நிற்கவே இல்லை. அதுதான் பிரச்சினை.

பாதிக்கு மேலே அப்பாவின் முதுகு காலையில் ஏறி இறங்குவது மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது. ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தார். எழுந்திருக்க நேரமானது. பந்தை எறிந்தார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தட்டினார்.

டொக், டொக்.

பழனிப் பையனுக்குக் கிட்டத்தில் நின்றதால் கேட்டுவிட்டது. திரும்பினான். "என்னங்கண்ணா?"

அப்பாவால் பேச முடியவில்லை. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். பையன் ஆடப் போய்விட்டான்.

அப்பா மறுபடியும் தட்டினார். யாருக்கென்று தட்டினாரோ. பழக்கத்தில் கை போயிருக்கும். உதடு நீலமாகிவிட்டது. கண் என்னைப் பார்த்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஆட்டத்துக்குள் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கரையைப் பார்த்தேன்.

கரையில், துண்டைத் தலையில் முக்காடு போட்டு ஒருவர் குந்தியிருந்தார். அவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார்.

பந்து பழனிப் பையன் காலடியில் இருந்தது. நம் பந்துதான். நம் ஆள் காலில்தான் இருந்தது. சித்தப்பா அவனைத் தோளால் விலக்கிவிட்டு ஓங்கி அடித்தார். அப்படி ஒரு அடியை அவர் அந்தப் போட்டியிலேயே அடித்ததில்லை. பந்து கரையைத் தாண்டி, கிட்டத் தாமரையைத் தாண்டி, தூரத் தாமரைக்குள் போய் விழுந்தது. அந்தச் சத்தம் கூடக் கேட்டது. அவ்வளவு அமைதி.

அப்புறம் நீங்கள் எல்லாரும் உள்ளே ஓடினீர்கள்.

சின்னப் பிள்ளைகள் ஓடியிருக்கமாட்டீர்கள். உங்கள் அப்பன்கள், அண்ணன்கள், மாமன்கள் ஓடினார்கள். மில் டீம்காரர்கள் ஒருத்தர்கூடக் கை வைக்கவில்லை. ஒதுங்கி நின்றார்கள். அடித்ததெல்லாம் நம் ஆட்கள்தான். "காசு வாங்குன நாயே" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். மூலைக் கொடியின் கம்பைப் பிடுங்கி முழங்காலில் போட்டார்கள். ரெப்ரி விசில் ஊதிக்கொண்டே இருந்தார். பழனிப் பையன் மட்டும் குறுக்கே விழுந்து, "விடுங்க, அட விடுங்க, மனுசன்தானுங்க" என்று கத்தினான். அவனுக்கும் இரண்டு விழுந்தது.

இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அப்பா கம்பத்தோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். நான் செம்பை வாயில் வைத்தேன். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் பனியனில் போனது. மூச்சு மெல்ல மெல்ல வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. அங்கே அடி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார்.

கப்பை மில் டீமுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"மூச்சு இல்ல."

"பெறகு வந்துச்சுல்ல?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அவமானமாகப் போய்விட்டது என்று முதலாளி டீமைக் கலைத்துவிட்டார். டீமுக்குக் கொடுத்திருந்த பச்சைப் பனியன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தாவிட்டாலும் அந்தக் காலோடு குழியில் இறங்க முடியாது. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துச் சித்தி அவரை வடமதுரைப் பக்கம் தன் ஊருக்குக் கொண்டுபோனாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். வேலை இருந்துதான் போனாரா, வேண்டுமென்றே போனாரா, எனக்குத் தெரியாது. சித்தி மீன் கூடையையும் குஞ்சுகளோடு வண்டியில் ஏற்றினாள்.

டீம் இல்லை என்றால் களம் இல்லை. மாசியிலேயே அப்பாவைப் பட்டை மில்லுக்கு மாற்றினார்கள். கேட்டதற்கு, ஆடாத ஆளுக்கு எதுக்குக் காத்து என்று கணக்குப்பிள்ளை சொன்னாராம்.

சித்திரையில் குளம் வற்றியது. தாமரை கிடந்த இடத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. பந்து அங்கே இருந்தது. அன்றைக்கு யாரும் அதை எடுக்கப் போகவில்லை அல்லவா. தையல் விட்டு, உள்ளே இருந்த ரப்பர் பை செத்து, தேங்காய் ஓடு மாதிரி விறைத்திருந்தது. மாடு மேய்க்கிறவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போனார்கள். நான் தொடவில்லை.

ஆடிக் காற்றில் அப்பா போய்விட்டார். மில்லில் செத்த ஆட்களில் ஒரு ஆள். அவ்வளவுதான் ஊருக்கு.

இதுதான் நீங்கள் வித்தை என்கிற விசயம். இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. நீங்கள் கை தட்டுவதைக் கேட்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. திட்டியபோதும் தப்பாகத்தான் திட்டினோம். இப்போதும் தப்பாகத்தான் புகழ்கிறோம்.

அதற்குப் பிறகு நான் அவரை ஒரே ஒரு தடவை பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி மடியில் பிள்ளை இருந்தது. திருச்சி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வடமதுரையில் நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஒருவர் கக்கத்தில் கம்பு ஊன்றி, தட்டில் வெள்ளரிப் பிஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்கும் முன்னால் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கோலி மகதான நீ?"

"ஆமா சித்தப்பா."

"அப்பா நல்லாருக்காரா?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை வருசமும் அப்பா இருக்கிறார் என்றே நினைத்திருக்கிறார்.

"இல்ல சித்தப்பா."

"எப்ப?"

"அந்த ஆடியிலயே. பட்டை மில்லுக்கு மாத்திட்டாங்க."

கையில் இருந்த வெள்ளரியை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவினார். நிதானமாகத் தடவினார். ஜன்னல் வழியே கொடுத்தார்.

"அப்ப நான் ஓடிவந்தது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"அன்னைக்கு, நான் அடிச்ச பெறகு, கொஞ்ச நேரமாச்சும் மூச்சு விட்டாரா?"

"விட்டாரு சித்தப்பா. கசாயம் குடிச்சாரு."

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதான இருந்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தார்.